டான்சில் எடுத்த பிறகு வீட்டில் இரண்டு வாரம்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர்ப் பக்கம் காது மூக்கு தொண்டை டாக்டர்களிடம் கூட்டம் கூடிவிடும். பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று டான்சில் ஆபரேஷனை மே மாதத்துக்குத் தள்ளிவைத்த வீடுகள் நிறைய. ஆபரேஷன் என்னவோ அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலமோ மறுநாளோ பிள்ளையைக் கையில் கொடுத்து, மருந்துச் சீட்டையும் கொடுத்து, "ஐஸ்கிரீம் கொடுங்க, காரம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற இரண்டு வாரம்தான் பெற்றவர்களுக்குச் சிரமம். எது சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரோ மோரோ கூழோ, எதுவானாலும் சரி. மருந்து கொடுப்பது, சாப்பாடு பார்த்துச் செய்வது, தூங்க வைப்பது எல்லாமே அந்த ஒரு காரியம் தடைபடாமல் நடப்பதற்காகத்தான்.

முதலில், எதை எடுத்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். வாயைப் பெரிதாகத் திறந்தால் நடுவில் உள்நாக்கு தொங்கும். அதற்கு இரண்டு பக்கமும், தொண்டைச் சுவரை ஒட்டி இருக்கும் சதைதான் டான்சில். தொண்டை வழியாக உள்ளே வரும் கிருமியை எதிர்கொள்ளும் நிணநீர்த் திசு அது. சிலருக்கு அதுவே திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும். ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருஷம் வருஷத்துக்கு 5 தடவை, அல்லது 3 வருஷம் வருஷத்துக்கு 3 தடவை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். இன்னொரு காரணம் குறட்டை. டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் பெருத்துப்போய், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் எடுப்பார்கள். கழுத்தில் வெட்டு இருக்காது. எல்லாம் வாய் வழியாகவே நடக்கும். தைராய்டு ஆபரேஷனும் குரல்நாண் ஆபரேஷனும் வேறு கதை. குரல்நாணில் கைவைத்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டிவரும், தைராய்டு எடுத்தவர்களுக்குக் கழுத்தில் தையல் இருக்கும். இங்கே எழுதுவது டான்சிலுக்கு மட்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவது

டான்சில் எடுத்த இடத்தில் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. இரண்டு பக்கமும் திறந்த புண்ணாக விட்டுவிடுவார்கள், அது தானாகவே அடியிலிருந்து ஆறி வரும். முழங்கால் சிராய்த்தால் காய்ந்த பொருக்குக் கட்டுமே, அதேபோல இங்கேயும் பொருக்குக் கட்டும். வாய்க்குள் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அது கறுத்து இறுகாமல் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக, ஊறிய துணி ஒட்டியிருக்கிற மாதிரி கிடக்கும்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, செல்போன் டார்ச்சை அடித்துப் பிள்ளையின் வாய்க்குள் பார்க்கும் அம்மா பதறிப்போவது இதைப் பார்த்துத்தான். டான்சில் இருந்த இரண்டு குழியும் வெள்ளையாகத் தடித்துக் கிடக்கும். நடுவில் உள்நாக்கு வீங்கிப் பளபளவென்று தொங்கும், சில பிள்ளைகளுக்கு அது நாக்கில் போய்த் தட்டிக்கொண்டே இருக்கும். நாக்கு ஓரத்தில் ஆபரேஷன் கருவி அழுத்திய தடம் இருக்கலாம். வாயிலிருந்து நாற்றம் வேறு அடிக்கும். "சீழ் பிடிச்சுப்போச்சு" என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிவந்து கொடுப்பவர்கள் உண்டு. அது சீழ் இல்லை. புண் ஆறுவதற்கான அடையாளம். நாற்றமும் அதனால்தான், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அந்த வெள்ளையைப் பஞ்சு வைத்தோ விரல் வைத்தோ துடைத்தெடுக்கவே கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் 100, 101 டிகிரி வரை காய்ச்சல் அடிக்கலாம். குரல் மூக்கடைத்த மாதிரி மாறிவிடும். குடிக்கிற தண்ணீர் எப்போதாவது மூக்கு வழியாக வரும். வாயை அகலத் திறந்தே வைத்திருந்ததால் தாடை வலிக்கும். இவையெல்லாம் சரியாகிவிடும். காய்ச்சல் 102 டிகிரியைத் தொட்டால், அல்லது மருந்து கொடுத்தும் இறங்காமல் நின்றால், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

வலி ஏறி இறங்கும் கணக்கு

மற்ற காயங்களில் முதல் நாள் வலி அதிகம், அப்புறம் நாளுக்கு நாள் குறையும். டான்சில் அப்படி இல்லை. ஆபரேஷன் அன்றைக்கு மயக்க மருந்தின் தாக்கமும் டிரிப்பில் ஏற்றிய வலி மருந்தும் இருக்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும், பார்க்க வந்தவர்களிடம் பேசும். வீட்டில் எல்லோரும் "இவ்வளவுதானா" என்று நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரைக்கும் வலி ஏறும். வெள்ளைப் பொருக்கு உதிரத் தொடங்கும் நாட்களில், அதாவது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், அடியிலிருக்கும் புதுத் தோல் வெளியே தெரிவதால் இன்னொரு தடவை தலைதூக்கும். பத்து நாளைத் தாண்டினால் பெரும்பாலான பிள்ளைகள் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் முழுசாகவே இருக்கும், வலியும் பிள்ளைகளைவிடக் கடுமை. இருபது முப்பது வயதில் இந்த ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாலு நாளில் தறிக்கோ கம்பெனிக்கோ திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள், பாவம்.

காது வலிக்கும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலாம் நாள் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், சளி காதுக்குப் போய்விட்டது என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிடுகிறார்கள். தொண்டைக்குப் போகும் ஒன்பதாவது மூளை நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. புண் தொண்டையில்தான், மூளைக்குக் காதிலிருந்து வருகிற மாதிரி தெரிகிறது. காதில் எதையும் ஊற்ற வேண்டாம். தொண்டைக்குக் கொடுக்கும் வலி மருந்துக்கே காதுவலியும் கட்டுப்படும்.

இப்போது அந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விழுங்கினால் வலிக்கிறது என்று பிள்ளை எச்சிலைக்கூட விழுங்காமல் இருக்கும். நாம் மனசு கேட்காமல், "தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடுவோம். அரை நாளில் தொண்டை வறண்டுவிடும். வறண்ட புண் இழுத்துக்கொண்டு இன்னும் வலிக்கும். அசையாமல் கிடக்கும் தொண்டைத் தசை இறுகிப்போகும். அடுத்த வாய் தண்ணீர் முன்னைவிட அதிகம் வலிக்கும், அதனால் பிள்ளை இன்னும் பிடிவாதமாக வாயை மூடிக்கொள்ளும். கடைசியில் உடம்பில் நீர் வற்றி, டிரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போக வேண்டியதாகிவிடும். வலியால் குடிக்காமல் இருப்பது, குடிக்காததால் வலி கூடுவது என்று சுற்றிக்கொண்டே போகும் இதை எங்காவது வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு நல்ல இடம் வலி மருந்துதான்.

மருந்தை வலி வந்த பிறகு கொடுக்காதீர்கள்

"அழுதால் கொடுக்கலாம், இல்லாட்டி எதுக்கு மருந்தைக் கொடுத்துக்கிட்டு" என்கிற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் டான்சில் விஷயத்தில் அது பிள்ளைக்குக் கெடுதல். முதல் சில நாட்களாவது, அழுதாலும் அழாவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதியிருந்தால் காலை 6, பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12. அந்த நள்ளிரவு மருந்தை விட்டுவிட்டால் விடிகாலையில் தெரியும். இரவு முழுக்க வாய் திறந்து தூங்கித் தொண்டை காய்ந்திருக்கும், மருந்தும் இறங்கியிருக்கும், அன்றைய நாளின் மோசமான வலி அப்போதுதான். எழுப்பிக் கொடுங்கள். கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டை வையுங்கள். வலி அடங்கியிருக்கும் அந்த நேரம்தான் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

பெரும்பாலும் பாராசிட்டமால் எழுதியிருப்பார்கள், கூடவே இபுபுரோஃபன் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இந்த இரண்டும்தான் முதல் தேர்வு என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. இபுபுரோஃபனால் இரத்தக் கசிவு கூடுமோ என்ற தயக்கம் சில சர்ஜன்களிடம் இன்றும் உண்டு. ஆகவே உங்கள் டாக்டர் எழுதாவிட்டால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள். பாராசிட்டமால் சிரப் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் அளவு வேறு. ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 300 மில்லிகிராம் வருகிறது. 250 சிரப் என்றால் அது 6 மில்லி. அந்த பாட்டில் தீர்ந்துபோய், மருந்துக்கடையில் 120 சிரப் கொடுத்துவிட்டு, நீங்கள் பழைய நினைப்பில் அதே 6 மில்லியை ஊற்றினால் பாதி மருந்துகூடப் போகாது. "மருந்து கேட்கவே மாட்டேங்குது" என்போம். சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றிவிட்டால் இரண்டு மடங்கு போய்விடும், அது கல்லீரலைக் கெடுக்கக்கூடிய தப்பு. ஆகவே சீட்டில் "இத்தனை மில்லி" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த சிரப்பில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணளவு ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியோ ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும்.

பாராசிட்டமாலும் இபுபுரோஃபனும் சேர்ந்தே இருக்கும் சிரப்பும் மாத்திரையும் கடையில் கிடைக்கின்றன. சளி மருந்து பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அதைக் கொடுத்துவிட்டு மேலே தனிப் பாராசிட்டமாலும் கொடுத்தால் அளவு மீறும்.

கோடீன் கலந்த மருந்தை, டான்சில் எடுத்த பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு அதனால் மூச்சு நின்றுபோன சம்பவங்கள் நடந்து, 2013-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும் என்பதுதான் காரணம். 2017-இல், டான்சில் எடுத்த பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டிரமடால் என்கிற வலி மருந்தும் கூடாது என்று சொன்னார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு எழுதிய பழைய இருமல் மருந்தோ முதுகுவலி மாத்திரையோ அலமாரியில் இருந்தால், அது பிள்ளையிடம் போகவே கூடாது.

என்ன கொடுக்கலாம்

ஐஸ்கிரீமில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் வீட்டுச் சண்டை அங்கேதான் தொடங்கும். டாக்டர் கொடுக்கச் சொல்லியிருப்பார், அம்மாயி (அம்மாவின் அம்மா) கூடாது என்பார். "தொண்டையை அறுத்துட்டு வந்த புள்ளைக்கு ஐசு குடுப்பாங்களா? சளி கட்டிக்கும்" என்று அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் குளிர்ச்சி புண்ணை மரத்துப்போக வைக்கும், வீக்கத்தைக் குறைக்கும், பிள்ளையும் மறுக்காமல் விழுங்கும். சளி கிருமியால் வருவது, ஐஸால் அல்ல. பால் சேர்ந்தது என்பதால் எச்சில் கொஞ்சம் கொழகொழப்பாகும், பின்னாலேயே இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால் போய்விடும். அதே சமயம் ஐஸ்கிரீம் மட்டுமே சாப்பாடு என்று இரண்டு வாரம் ஓட்டவும் வேண்டாம்.

நம் பக்கத்து அடுப்படியில் இதற்கு ஏற்ற சாப்பாடு ஏராளம். சந்தகை பிழிந்து, ஆறவிட்டு, தேங்காய்ப் பாலில் நாட்டுச் சர்க்கரை கரைத்து ஊற்றி ஊறவைத்தால் மெல்லாமலே இறங்கும். அரிசிம்பருப்புச் சோற்றை வரமிளகாயும் தக்காளியும் போடாமல் தண்ணீர் கூட்டிக் குழைய வேகவைத்து, நெய் விட்டு மசித்து, ஆறிய பிறகு கொடுக்கலாம். பச்சைப்பயறு கடைந்து சோற்றில் பிசைந்து கொடுத்தால் சத்தும் சேரும். இட்லியைப் பாலிலோ மோரிலோ ஊறவைத்துக் கொடுக்கலாம். தயிர்ச் சோறு நல்லதுதான், தயிர் புளித்திருக்கக் கூடாது. வேகவைத்த நேந்திரம் பழம், கதலிப் பழம். மே மாதம் என்றால் நுங்கு. தோலை உரித்து, விரலால் மசித்து, குளிர்ச்சியாக ஊட்டினால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். இளநீருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சமே இல்லை, குடிக்கக் கொடுக்க அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

கூழ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வழக்கமாகக் கம்பங்கூழை இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மோரும் சின்ன வெங்காயமும் மிளகாயுமாகக் குடிப்போம். அந்தப் புளிப்பு திறந்த புண்ணில் பட்டால் எரியும், கம்பு நொய்யும் உறுத்தும். இந்த இரண்டு வாரத்துக்குக் கேழ்வரகு மேல். மாவைச் சல்லடையில் சலித்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே வந்தால் பச்சை வாசம் போய்ப் பளபளப்பு வரும். இறக்கி நன்றாக ஆறவிட்டு, புளிக்காத மோரில் தளர்வாகக் கரைத்து, கிள்ளு உப்பு மட்டும். டம்ளரில் ஊற்றினால் தண்ணியாக ஓட வேண்டும், அந்தப் பதம் போதும்.

எரிச்சல் தருபவை எவை என்று பார்த்தால், நாம் நோயாளிக்கு என்று ஆசையாக வாங்கிப்போவதே முதலில் வரும். சாத்துக்குடி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிற அத்தனை பேர் பையிலும் சாத்துக்குடியோ ஆரஞ்சோ இருக்கும், உடனே ஜூஸ் பிழிந்து கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்கள். அந்தப் புளிப்பில் பிள்ளை ஒருதரம் துடித்துவிட்டால், அப்புறம் தண்ணீரைக் காட்டினாலும் வாயைத் திறக்காது. வந்தவர்களிடம் சொல்லி, அவர்களையே குடிக்க வைத்துவிடுங்கள். தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய், புளிக்குழம்பு, சோடா வகைகள் எல்லாம் அதே கணக்கு. சூடான காபி, டீ வேண்டாம். பீட்ரூட், மாதுளை, சிவப்புக் கலர் போட்ட சர்பத் ஆகியவற்றையும் தள்ளிவையுங்கள். அவை புண்ணைக் கெடுப்பதில்லை, ஆனால் வாந்தியிலோ எச்சிலிலோ சிவப்பு தெரிந்தால் இரத்தமா சாயமா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

முறுக்கு, கச்சாயம், வறுத்த கடலை போன்ற மொறுமொறுப்பானவை குத்தும் என்பதால் இரண்டு வாரம் வேண்டாம் என்பார்கள். அவற்றால்தான் இரத்தம் வருகிறது என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகள் ரொட்டியை வாட்டியே சாப்பிடச் சொல்கின்றன, மென்றால் தொண்டைத் தசை இறுகாது என்று. அதனால் பிள்ளை ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டால் யாரும் பதற வேண்டாம். சாப்பாடு இரண்டு மூன்று நாள் குறைந்தாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும், எடை கொஞ்சம் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும். குடிப்பது குறைந்தால்தான் தாங்காது.

எவ்வளவு குடிக்க வேண்டும்? 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பால், மோர், கூழ், இளநீர் எல்லாம் சேர்த்துத்தான். ஒரே மூச்சில் டம்ளர் டம்ளராகக் கேட்காதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் கால் மணிக்கொரு தரம் இரண்டு மூன்று மடக்கு. "ஒரு முழுங்கு குடிச்சுக்கோ சாமி" என்று அம்மாயி ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், அதற்கு ஈடான வைத்தியம் வேறில்லை. ஐஸ் கொடுப்பதில் அவர் மனசு சமாதானம் ஆகவில்லையென்றாலும் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம், பிள்ளைகள் அவருக்குத்தான் வாயைத் திறக்கும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது கடும் மஞ்சளாகக் கொஞ்சமே போகிறது, உதடு காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள்.

செய்யக் கூடாத கைவைத்தியம்

தொண்டை வலி என்றால் செலவு ரசம், மிளகு ரசம், சுக்குக் காபி, மஞ்சள் பால் என்று கை தானாகப் போகும். சாதாரணச் சளிக்கு அவை இதமாக இருக்கும். திறந்த புண்ணில் மிளகும் சுக்கும் பட்டால் எரிச்சல்தான் மிச்சம். கல்லுப்பையும் மிளகையும் விரலில் தொட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுகிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் ஆன தொண்டையில் அதைச் செய்தால் பொருக்கு பிய்ந்து இரத்தம் கொட்டும். யார் சொன்னாலும் விடாதீர்கள். உப்புத் தண்ணீரில் வேகமாகக் கொப்பளிப்பதும் அப்படித்தான். டாக்டர் சொல்லியிருந்தால் அவர் சொன்ன நாளிலிருந்து மெதுவாக வாய் அலசலாம். பல் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். தேன் ஒரு ஸ்பூன், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொடுக்கலாம், வலி கொஞ்சம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல. பெரியவர்கள் பீடி, சிகரெட், மது, வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும், சுண்ணாம்பு புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது இல்லை

வீட்டுக்குள் நடக்கலாம், உட்கார்ந்து விளையாடலாம், படம் பார்க்கலாம், பேசலாம். கத்துவதும் ஓடுவதும் சைக்கிளும் நீச்சலும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கனமான சாமான் தூக்குவதும் அதில் சேரும். தூங்கும்போது தலைக்கு இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினால் வீக்கம் குறையும். வீக்கம் இருக்கும் வரை குறட்டையும் இருக்கும், ஆபரேஷன் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆனி ஆடியில் ஆபரேஷன் என்றால் காற்றைக் கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று வாய் திறந்து தூங்கும் பிள்ளையின் தொண்டையைக் காயவைத்துவிடும், புழுதியும் சேர்ந்து வரும். இரவில் காற்று வரும் ஜன்னலைச் சாத்தி, அறையில் ஈரத்துணி காயப்போட்டால் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும். வீட்டோடு தறி இருந்தால் பஞ்சுத் துகள் படாத அறையில் படுக்க வையுங்கள்.

மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போவதைத் தள்ளிவைக்கவும். கூட்டத்தில் இன்னொரு சளிக்கிருமியைப் பிடித்துக்கொண்டு வந்தால், இருமலே புண்ணைக் கிளறும். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமும் இருமலோ காய்ச்சலோ இருந்தால் நாலு நாள் கழித்து வரச்சொல்வதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடம் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து.

இரத்தம்

நூறு பேரில் சிலருக்கு இரத்தக் கசிவு வரும். முதல் 24 மணி நேரத்தில் வரலாம், அப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே இருப்பீர்கள், அல்லது இப்போதுதான் வீடு வந்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், பொருக்கு உதிரும்போது. வீட்டில் எல்லோரும் அசந்திருக்கும் நாட்கள் அவை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். எச்சிலில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிவது உதிரும் பொருக்காக இருக்கலாம், இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் வந்தால், அது நின்றுவிட்டாலும்கூட, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் கொஞ்சமாக வந்து நின்று, சில மணி நேரத்தில் பெரிதாக வருவது உண்டு.

சின்னப் பிள்ளைகள் இரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால், இரத்தம் கசிகிறதா என்று தொண்டைக்குள் பாருங்கள். காபித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அதே அர்த்தம். ஆபரேஷன் அன்று ஒரு தடவை அப்படி வருவது விழுங்கிய பழைய இரத்தமாக இருக்கலாம், அதற்குப் பிறகு வந்தால் விடக்கூடாது. இரத்தம் வந்தால் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் சாய்த்து, ஒரு பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் மெதுவாக வாய் அலசலாம். வேறு எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மறுபடி மயக்க மருந்து தேவைப்படலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இங்கேதான் நம் ஊர் தூரங்கள் கணக்கில் வருகின்றன. பெருந்துறை, கோயம்புத்தூர் மாதிரி பெரிய அரசு மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. வால்பாறையில் இருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு. தாளவாடிப் பக்கம் என்றால் திம்பத்தில் 27, இரவு வாகனக் கட்டுப்பாடு வேறு. கொல்லிமலையில் 70. இந்த ஊர்க்காரர்கள் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, பொள்ளாச்சியிலோ சத்தியமங்கலத்திலோ நாமக்கல்லிலோ இருக்கும் உறவினர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்புச்சி வீட்டுக்கு லீவுக்குப் போகிற மாதிரி போய் இருந்துவிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரவு நேரத்தில் கூப்பிட எந்த எண், எந்த சிரப்பை எத்தனை மில்லி எத்தனை மணிக்கு, அடுத்து காட்ட வேண்டிய தேதி. அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.